கொல்லி என்னும் சொல்லும் இன்மையை வாசிக்கும் உயிரணுவும்

ஓர் அறிவியல் கருத்து தமிழுக்கு வரும்போது முதலில் வந்து சேர்வது அதன் பெயர். கருத்து பின்னால் மெதுவாக வரும். பல சமயம் வராமலே போய்விடும். 'இயற்கைக் கொல்லி உயிரணு' என்ற பெயருக்கு நேர்ந்திருப்பது இதுதான். நலவாழ்வுப் பத்திகளில் இந்த வெள்ளணுக்களைப் பற்றி எழுதுவோர் பலர் படை, போர்வீரன், பகைவன், துவம்சம் ஆகிய சொற்களைத் தாண்டிச் செல்வதில்லை. இந்தச் சித்திரம் தேய்ந்துபோனது என்பதல்ல என் குறை. அது பிழையானது, பிழையானதோடு நில்லாமல் நோயாளிகளுக்குத் தீங்கும் செய்கிறது.

பெயரின் வரலாற்றைச் சற்றுப் பார்க்கலாம். 1970களின் தொடக்கத்தில், வெள்ளணுக்கள் புற்றணுக்களை அழிக்கும் விதத்தை ஆராய்ந்தவர்களுக்கு ஒரு தொல்லை இருந்தது. குறிப்பிட்ட புற்றை அதற்கு முன் சந்தித்தே இராத எலியின் வெள்ளணுக்களும் சோதனைக் குழாயில் அந்தப் புற்றணுக்களை ஓரளவு கொன்றன. பலர் இதைச் சோதனையின் இரைச்சல் என்று கருதி ஒதுக்கிவிட்டனர். 1975இல் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் ரோல்ஃப் கீஸ்லிங், ஈவா கிளைன், ஹான்ஸ் விக்செல் ஆகியோர் அந்த இரைச்சலுக்குள் ஒரு தனி உயிரணு இருப்பதைக் காட்டினர். அமெரிக்காவில் ரொனால்ட் ஹெர்பர்மனின் குழுவும் அதே ஆண்டில் அதே இடத்தை வந்தடைந்தது. முன்பழக்கம் இன்றியே கொல்வதால் 'இயற்கைக் கொல்லி' என்று பெயர் அமைந்தது. பெயர் செயலைச் சொன்னது. எதைக் கொல்வது, எதை விடுவது என்பதை இந்த அணு எவ்வாறு தீர்மானிக்கிறது என்பதைச் சொல்லவில்லை.

அந்த வினாவைக் கையில் எடுத்தவர், அதே நிறுவனத்தில் ஆய்வு மாணவராக இருந்த கிளாஸ் கேர்ரெ. அந்நியமான ஏதோ ஒன்றைக் கண்டு தாக்குவதுதான் உடலின் தற்காப்பு என்பது அன்றைய பொதுவான எண்ணம். ஆகவே புற்றணுவின் மீது இருக்கும் அந்நியக் குறி எது என்றே தேடினார்கள். கேர்ரெ கேள்வியைத் திருப்பிப் போட்டார். இருக்கவேண்டிய ஒன்று இல்லாமற்போனதை இந்த அணு கவனிக்கிறதோ? 1981இல் அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டில் இந்தக் கருதுகோளை அவர் முன்வைத்தார்.

விஷயம் இதுதான். நம் உடலின் அநேகமாக எல்லா உயிரணுக்களும் தம் மேற்பரப்பில் திசுப்பொருத்த மூலக்கூறுகள் என்னும் தன்னடையாளத்தை ஏந்தி நிற்கின்றன. உள்ளே உருவாகும் புரதங்களின் துணுக்குகளை அவற்றில் பொருத்தி வெளியே காட்டுகின்றன. டி அணுக்கள் என்னும் வேறுவகை வெள்ளணுக்கள் அவற்றைப் பார்வையிட்டு, விகாரமான துணுக்கைக் கண்டால் தாக்குகின்றன. புற்றணு இதிலிருந்து தப்ப ஒரு வழி, காட்டுவதையே நிறுத்திக்கொள்வது. அப்படி அடையாளத்தைக் கைவிட்ட அணுவைத்தான் இயற்கைக் கொல்லி தேடுகிறது என்றார் கேர்ரெ. 1986இல் யுங்கிரென், பியோன்டெக், கீஸ்லிங் ஆகியோருடன் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு இதற்கு வலுவான சான்றாயிற்று. ஒரே நிணநீர்ப் புற்றின் இரு வகைகளை எலிகளுக்குள் செலுத்தினார்கள். தன்னடையாளம் உள்ள வகை வளர்ந்தது. அதைப் பெரிதும் இழந்த வகை விரட்டப்பட்டது.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இது அந்நியமான சிந்தனை அல்ல. எழுவாய் வேற்றுமைக்கு உருபு கிடையாது. பெயர் உருபேற்காமல் நிற்பதே அதற்கு அடையாளம். தொகைநிலையில் மறைந்திருக்கும் உருபை அறியாதவன் தொடரின் பொருளை அறியமாட்டான். இன்மையும் ஒரு குறிதான் என்பதை வகுப்பறையில் ஆண்டுதோறும் சொல்லிக்கொடுக்கும் நமக்கு, ஓர் உயிரணு இன்மையை வாசிக்கிறது என்பதை நல்ல தமிழில் எழுதுவது கடினமாக இருக்க நியாயமில்லை. படைக்கலச் சொற்களை ஏன் கடன் வாங்குகிறோம்?

பின்னர் வந்த ஆய்வுகள் இந்தச் சித்திரத்தை மேலும் நுட்பமாக்கின. 1992இல் வெய்ன் யோகோயாமாவின் குழு, எலியின் கொல்லி அணுக்களில் தன்னடையாளத்தைத் தொட்டவுடன் தாக்குதலைத் தடுக்கும் ஏற்பி ஒன்று இருப்பதைக் காட்டியது. அதாவது இந்த அணுவிடம் தடை உண்டு. தன்னடையாளம் அந்தத் தடையை அழுத்திப் பிடிக்கிறது. தடை விலகினால் மட்டும் போதாது. இரத்தச் சிவப்பணுக்களில் இந்த அடையாளம் இல்லை என்றே சொல்லலாம்; ஆயினும் அவை தாக்கப்படுவதில்லை. நெருக்கடிக்குள்ளான உயிரணு வெளியிடும் வேறு குறிகளும் கூடவேண்டும். இரண்டையும் சீர்தூக்கிய பின்பே செயல். எல்லாவற்றிலும் என்னை அதிகம் சிந்திக்க வைத்தது 2005இல் யோகோயாமாவின் குழு வெளியிட்ட இன்னொரு முடிவு: வளரும் காலத்தில் தன்னடையாளத்தைச் சந்தித்துப் பழகாத கொல்லி அணு, பிற்காலத்தில் சரியாகக் கொல்லவும் இயலாததாகிறது. அடக்கம் கற்காததற்கு ஆற்றலும் வாய்ப்பதில்லை. இதையா நாம் வெறிகொண்ட போர்வீரன் என்று எழுதிக்கொண்டிருக்கிறோம்?

சொல்லாட்சியில் என்ன இருக்கிறது, பொருள் விளங்கினால் போதாதா என்று நண்பர்கள் கேட்கலாம். சொல்லாட்சியில்தான் வணிகம் இருக்கிறது. 'எதிர்ப்புச் சக்தி' என்று சொன்னவுடன் அது கிணற்று நீர்போல் அளவில் கூடிக் குறையும் ஒரு பொருளாகிவிடுகிறது. கூட்டித் தருகிறோம் என்று மாவும் மாத்திரையும் விற்க ஆட்கள் வந்துவிடுகிறார்கள். ஜப்பானின் சைதாமாவில் 3,625 பேரைப் பதினோரு ஆண்டுகள் பின்தொடர்ந்து 2000இல் வெளியான ஆய்வு, வெள்ளணுக்களின் இயல்பான கொல்லும் திறன் குறைவாக இருந்தோரிடையே புற்றுநோய் அதிகம் தோன்றியதைக் காட்டியது. மதிக்கத்தக்க ஆய்வு. ஆனால் ஒரு பொடியைத் தின்று அந்தத் திறனை உயர்த்தினால் புற்று வராது என்று அது சொல்லவில்லை. இரண்டு கூற்றுகளுக்கும் இடையே உள்ள தொலைவை மறைப்பதற்குத்தான் போர்மொழி பயன்படுகிறது.

பணம் போவதாவது ஒருபுறம். எனக்குத் தெரிந்த ஆசிரியை ஒருவர் மார்பகப் புற்றுக்குச் சிகிச்சை பெற்றபோது, பார்க்க வந்த உறவினர் ஒருவர், "உனக்கு எதிர்ப்புச் சக்தி போதவில்லை, மனத்திலும் போராட்டக் குணம் இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனார். நோயோடு குற்றவுணர்வையும் அவர் சுமக்க நேர்ந்தது. உடல் போர்க்களம் என்றால் தோற்றவர் கோழை என்றாகிவிடும். சூசன் சொன்டாக் 1978இல் 'நோய் ஓர் உருவகமாக' என்ற பொருள்படும் தலைப்பில் நூல் எழுதி இதைக் கண்டித்தார். தம் நோயைப் போராகக் கருதித் துணிவு பெறும் நோயாளியை நான் குறைசொல்ல மாட்டேன். அந்த உருவகம் அவருடையது. பிறர் அதை அவர்மேல் ஏற்றக்கூடாது.

சிகிச்சையில் இந்த ஆராய்ச்சியின் பயன் மெய்யானது. அதன் எல்லைகளும் மெய்யானவை. 2002இல் இத்தாலியின் பெருஜியா ஆய்வாளர்கள், பாதி மட்டுமே பொருந்தும் உறவினரின் குருத்தணுக்களை மாற்றிப் பொருத்தியபோது, கொடையாளரின் கொல்லி அணுக்கள் நோயாளியின் புற்றணுக்களில் தமக்குப் பழகிய அடையாளத்தைக் காணாமல் அவற்றை அழித்ததைக் காட்டினர். ஒருவகைத் தீவிர இரத்தப் புற்றில் பலன் பெரிது. இன்னொரு வகையில் இல்லை. 2020இல் ஹூஸ்டனில் காட்டி ரெஸ்வானியின் குழு, தொப்புள்கொடி இரத்தத்திலிருந்து எடுத்து மாற்றியமைத்த கொல்லி அணுக்களை 11 பேருக்குச் செலுத்தியதில் 8 பேரிடம் பலன் தெரிந்தது. 2024இல் 37 பேரின் முடிவுகள் வந்தபோது பலன் கண்டோர் ஏறக்குறைய பாதிப்பேர். திடக்கட்டிகளுக்குள் இந்த அணுக்கள் எளிதில் நுழைவதில்லை. நுழைந்தாலும் அங்குள்ள சூழல் அவற்றை முடக்கிவிடுகிறது. நம்பிக்கை கொள்ளப் போதுமான செய்தி இது. வெற்றி முரசு கொட்டப் போதாது.

பெயரை மாற்றவேண்டும் என்று நான் கோரவில்லை. நிலைத்துவிட்ட கலைச்சொல்லைப் பிடுங்கி எறிவதால் குழப்பமே மிஞ்சும். பெயருக்குப் பின்னால் வரும் வாக்கியங்களை மாற்றுவோம். சீர்தூக்குதல், அடங்கியிருத்தல், விடுபட்டதைக் கவனித்தல் ஆகிய செயல்களைக் குறிக்கச் சொல்வளம் இல்லாத மொழியா நம்முடையது? அறிவியல் எழுதுவோர் அந்தச் சொற்களை எடுத்தாளட்டும். படுக்கையில் இருப்பவரிடம் "நீ போதுமான அளவு போராடவில்லை" என்று சொல்லும் துணிச்சல் அப்போதாவது நம்மவர்களுக்குக் குறையும்.