எதிர்காலத்தைத் தமிழில் எழுதட்டும் இளையோர்

புலம்பெயர் மண்ணில் தமிழ்மொழி நிலைத்து வாழ வேண்டும் என்பதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. அதன் பொருட்டு மொன்றியலிலும் வார இறுதித் தமிழ் வகுப்புகள், பேச்சுப் போட்டிகள், திருக்குறள் மனனப் போட்டிகள், கலை விழாக்கள் எனப் பல முயற்சிகள் நடைபெறுகின்றன. தம் ஓய்வு நேரத்தை ஈந்து இவற்றுக்காக உழைக்கும் ஆசிரியர்களும் பெற்றோரும் போற்றுதற்குரியோர்.

ஆயினும் ஓர் உண்மையை மறைப்பதற்கில்லை. இப்போட்டிகளுள் பெரும்பாலானவற்றில் பிள்ளை மேடையில் ஒப்புவிப்பது பிறருடைய சொற்களையே. குறளை எழுதியவர் வள்ளுவர். பேச்சை எழுதுபவர் தந்தையோ தாயோ ஆசிரியரோ. பிள்ளை மனனம் செய்கிறது, கைதட்டல் பெறுகிறது, பரிசுக் கேடயத்துடன் வீடு திரும்புகிறது. அதன் பின்னர்த் தன் சொந்த எண்ணங்களைப் பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோ எழுதத் தொடங்குகிறது. தமிழ் என்பது அம்மம்மாவின் மொழி, ஊர் நினைவின் மொழி, விழா மேடையின் மொழி. நாளைய உலகைச் சிந்திப்பதற்கு உரியது வேறு மொழி என்னும் எண்ணம் இவ்வாறே இளம் உள்ளத்தில் வேரூன்றுகிறது.

இக்குறையை நீக்க உதவும் வழிகளுள் ஒன்று, இளையோருக்கான ஊகப் புனைவுச் சிறுகதைப் போட்டி. அறிவியல் புனைகதை, மாய உலகக் கதை, வரலாறு வேறு திசையில் சென்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கற்பனை ஆகிய அனைத்தும் இவ்வகையில் அடங்கும். பனந்தோப்பையும் கோயில் திருவிழாவையும் பற்றி எழுதச் சொன்னால், அவற்றைக் கண்டிராத பிள்ளை பெரியோரிடமே சொற்களைக் கடன் வாங்க வேண்டும். 2090ஆம் ஆண்டின் மொன்றியலைப் பற்றி எழுதச் சொன்னாலோ, பெற்றோரும் பிள்ளையும் சமநிலையில் நிற்கின்றனர். அந்த நகரை எவரும் கண்டதில்லை. "அது அப்படியன்று" என்று திருத்தவும் எவராலும் இயலாது.

இதற்கு முன்மாதிரி தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. வட அமெரிக்காவின் ஆங்கிலக் கடலுக்கு நடுவே தம் மொழியைக் காத்து நிற்கும் கியூபெக் மக்கள் இதனை ஏற்கெனவே செய்து காட்டியுள்ளனர். 1974இல், மொன்றியலுக்கு எதிரே சென் லோரன்ஸ் ஆற்றின் மறுகரையில் அமைந்த லொங்கேய் நகரில், நோர்பேர் ஸ்பெனர் என்னும் ஆசிரியர் 'ரெக்வியெம்' என்ற பிரெஞ்சு அறிவியல் புனைகதை இதழைத் தொடங்கினார். 1979இல் அதன் பெயர் 'சொலாரிஸ்' என மாறியது. 2024இல் அவ்விதழ் ஐம்பது ஆண்டுகளை நிறைவு செய்தது.

அவ்விதழ் சிறுகதைப் பரிசை நிறுவிய ஆண்டு 1977. கியூபெக்கின் பிரெஞ்சு மொழிச் சாசனமாகிய 101ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியதும் அதே ஆண்டில்தான். தம் பிள்ளைகளைப் பிரெஞ்சுப் பாடசாலைகளுக்கு அனுப்பிய அச்சட்டத்தை மொன்றியல் தமிழ்ப் பெற்றோர் நன்கறிவர். சட்டம் வகுப்பறையையும் கடைப் பெயர்ப்பலகையையும் காக்கும். ஒரு கதையை எழுதுவிக்க எந்தச் சட்டத்தாலும் இயலாது. அந்தப் பணிக்கு இதழும் போட்டியும் தேவைப்பட்டன.

அப்பரிசு 1978இல் எலிசபெத் வோனார்பூர் என்னும் பெண்மணிக்குக் கிடைத்தது. பிரான்சில் பிறந்து 1973இல் கியூபெக்கின் சிகூத்திமி நகரில் குடியேறியவர் அவர். பின்னர் அதே இதழின் இலக்கியப் பொறுப்பாளராகப் பல ஆண்டுகள் பணியாற்றியதோடு, எழுத்துப் பட்டறைகள் நடத்திப் புதியவர்களையும் உருவாக்கினார். 2009 ஆகஸ்டில் உலக அறிவியல் புனைகதை மாநாடு மொன்றியலில் கூடியபோது சிறப்பு விருந்தினர்களுள் ஒருவராக அமர்ந்தவரும் அவரே. போட்டியில் பரிசு பெற்ற ஒருவர் பின்வந்தோருக்கு வழிகாட்டியாக உயர்ந்தமையே அப்போட்டியின் உண்மையான வெற்றி.

தமிழிலும் இதற்கு அடித்தளம் உண்டு. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் பயின்று, பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராகப் பணியாற்றிய சுஜாதா, 'என் இனிய இயந்திரா' போன்ற கதைகள் வாயிலாக இயந்திர நாய்க்கும் தமிழ் பேசக் கற்றுக் கொடுத்தார். அவர் 2008இல் மறைந்த பின்னர் அவர் நினைவாக ஆழி பதிப்பகம் அறிவியல் புனைகதைப் போட்டி நடத்தியது. 2019இல் அரூ இணைய இதழ் நடத்திய அறிவியல் சிறுகதைப் போட்டிக்கு ஜெயமோகன் நடுவராக இருந்தார். ஆயின் இவை தமிழில் தடையின்றி எழுத வல்லோருக்கானவை. மொன்றியலில் வளர்ந்த பதினைந்து வயது மாணவி அக்களத்தில் போட்டியிட முடியாது. அவளுக்கென ஒரு களம் அமைப்பது இங்குள்ள அமைப்புகளின் கடமை.

அத்தகைய போட்டியை முறையாக நடத்துவதற்குச் சில விதிகள் இன்றியமையாதவை.

முதலாவது, பெயரின்மை. சொலாரிஸ் பரிசுக்கு அனுப்பப்படும் கதையில் எழுதியவர் பெயர் இருத்தலாகாது. விவரங்கள் தனித்தாளில் தரப்பட வேண்டும். ஒருவர் ஒரு கதை மட்டுமே அனுப்பலாம். யார் பிள்ளை யாருடையது என்பதை எல்லோரும் அறிந்த சிறிய சமூகத்திற்கு இவ்விதி இருமடங்கு பொருந்தும்.

இரண்டாவது, எழுதியவர் யார் என்னும் உறுதி. பெற்றோர் எழுதிக் கொடுப்பது பழைய இடர். இயந்திரம் எழுதிக் கொடுப்பது புதிய இடர். 2023 பெப்ரவரியில், செயற்கை நுண்ணறிவு எழுதிய கதைகள் வெள்ளமெனக் குவிந்தமையால், 'கிளார்க்ஸ்வேர்ல்ட்' என்ற புகழ்பெற்ற ஆங்கில இதழ் கதைகளைப் பெறுவதையே சில காலம் நிறுத்த நேர்ந்தது. இரு இடர்களுக்கும் தீர்வு ஒன்றே: ஒரே மண்டபத்தில், குறித்த நேரத்தில், அங்கேயே தரப்படும் கருப்பொருளில் எழுதுதல். கியூபெக் எழுத்தாளர்களின் 'போரேயல்' மாநாடுகளில் இவ்வகைப் போட்டி நடந்துள்ளது. கருப்பொருள் ஒரு படமாகவும் இருக்கலாம். 1926 டிசம்பரில் 'அமேசிங் ஸ்டோரிஸ்' இதழ் தன் அட்டைப்படத்திற்கு ஏற்ற கதை எழுதுமாறு வாசகர்களை அழைத்தது. மூன்றாம் பரிசு பெற்ற கிளேர் விங்கர் ஹாரிஸ் அத்துறையின் முன்னோடிப் பெண் எழுத்தாளர்களுள் ஒருவரானார்.

மூன்றாவது, மதிப்பீடு. எழுத்துப் பிழைக்காக முதற்சுற்றில் புள்ளி குறைத்தலாகாது. லகர ளகர மயக்கத்தைப் பின்னர்த் திருத்தலாம். கற்பனையைப் பின்னர்ச் சேர்க்க இயலாது. சொல் தெரியாத இடத்தில் பிரெஞ்சுச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுத இடமளித்தல் வேண்டும். தேர்வு பெற்ற கதைகளை, எழுதியவரையே அருகில் இருத்தி, ஓர் ஆசிரியர் செம்மை செய்து நூலாக்குதல் வேண்டும். கேடயம் அலமாரியில் தூசு படியும். அச்சில் வந்த கதை அடுத்த பிள்ளையின் கைக்குச் செல்லும்.

"எமது பிள்ளைகளுக்கு இவ்வளவு தமிழ் தெரியாதே" என்று பெற்றோர் சிலர் கூறலாம். தெரியாமைக்குக் காரணம், தம் சொந்தத் தேவைக்காகத் தமிழை எழுத வேண்டிய நிலை அவர்களுக்கு வாய்க்காமையே. முந்நூறு சொற்களில் ஒரு கதையை முடிக்க முயலும் பிள்ளை, தேவையான பத்துச் சொற்களைத் தானே தேடிக் கண்டடையும். அவ்வாறு கண்டடைந்த சொல் மறப்பதில்லை.

வேறோர் அச்சமும் உண்டு. கட்டற்ற கற்பனைக்கு இடமளித்தால், பெரியோர் விரும்பாத எதிர்காலத்தை இளையோர் எழுதக்கூடும். எவரும் தமிழ் பேசாத மொன்றியலை ஒருவர் எழுதலாம். சாதியைக் கப்பலேற்றி வேற்றுக் கோளுக்கும் கொண்டு சென்ற தமிழரை மற்றொருவர் எழுதலாம். அத்தகைய கதைக்கும் பரிசளிக்கும் துணிவு நடுவர்களுக்கு வேண்டும். பிள்ளை உண்மையில் என்ன எண்ணுகிறது என்பதைத் தமிழிலேயே கேட்கும் அரிய வாய்ப்பு அது.

1986 ஆகஸ்டில் 155 தமிழர்கள் இரு உயிர்காப்புப் படகுகளில் மிதந்தவாறு நியூபவுண்ட்லாந்துக் கடற்பரப்பில் மீட்கப்பட்டனர். இதனைப் பெரியோர் வரலாறாகச் சொல்வர். அவர்களின் பேரப்பிள்ளை, இரு விண்மீன்களுக்கிடையே எரிபொருள் தீர்ந்து மிதக்கும் சிறு கலமொன்றில் ஒலிக்கும் தாலாட்டாக இதனை எழுதக்கூடும். அத்தாலாட்டு எம்மொழியில் அமையும் என்பதே இன்றைய வினா.

மொன்றியல் தமிழ் அமைப்புகள் அடுத்த ஆண்டின் நிகழ்ச்சி நிரலில் ஒரு பிற்பகலை இதற்கென ஒதுக்குதல் வேண்டும். ஒரு மண்டபம், சில மேசைகள், ஒரு படம், மூன்று மணிநேரம் ஆகியவை போதும். பெற்றோர் செய்ய வேண்டியது ஒன்றே: பிள்ளையை வாசலில் விட்டு, தேநீர் அருந்தச் செல்வது.