காலை 10 ரவிக்கு: ‘வேர்ட் தெரியும்’ என்பதில் எவ்வளவு தெரியும்?

அவசரமாக ஒரு வாடகை ஒப்பந்தம் தேவை. நண்பர் ஒருவர் போன வருடம் போட்ட ஒப்பந்தத்தின் வேர்ட் ஃபைலை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். அதில் குடியிருப்பவர் பெயர் மணி. இப்போது வரப்போகிறவர் ரவி. ஃபைலைத் திறந்து, ‘மணி’ இருக்கும் இடத்திலெல்லாம் ‘ரவி’ வரட்டும் என்று ‘ரீப்ளேஸ் ஆல்’ பட்டனை ஒரு தட்டு. வேலை முடிந்தது. பிரின்ட் எடுத்து கையெழுத்தும் போட்டாயிற்று. ஒரு வாரம் கழித்துத்தான் யாரோ நிதானமாகப் படிக்கிறார்கள். வீட்டுச் சாவியை “காலை 10 ரவிக்கு” ஒப்படைக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது.

கற்பனைக் காட்சிதான். ஆனால் தமிழில் ஆவணம் தயாரிக்கும் எந்த ஜெராக்ஸ் கடையிலும், எந்த அலுவலகத்திலும் நடக்கக்கூடியது. இது சிரித்துவிட்டுப் போகக்கூடிய பிழை. இதற்கு நேர் எதிரான பிழையில் சிரிக்க ஒன்றும் இல்லை. பழைய ஒப்பந்தத்தில் வீட்டு உரிமையாளர் பெயர் முருகன், புதிய உரிமையாளர் செல்வி என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘முருகன்’ என்று தேடி மாற்றினால், ‘முருகன்’ மட்டும்தான் மாறும். ‘முருகனுக்கு’, ‘முருகனிடம்’, ‘முருகனின்’ எல்லாம் அப்படியே உட்கார்ந்திருக்கும். வேற்றுமை உருபு சேரும்போது ‘ன்’ மேல் இருந்த புள்ளி போய்விடுகிறது. கணினிக்கு அது வேறு எழுத்துத் தொடர். கையெழுத்து செல்வியுடையது, முன்பணம் கொடுத்தது ‘முருகனிடம்’ என்று ஒரு தாள் கையில் இருந்தால், வீட்டைக் காலி செய்யும் நாளில் அந்த ஒரு வரி போதும் தகராறுக்கு.

ஆங்கிலத்தில் பெயர்ச்சொல் இவ்வளவு உருமாறுவதில்லை. அதனால் அந்த மொழியை மனதில் வைத்துச் செய்த ‘முழுச் சொல் மட்டும்’ என்ற வசதியும் இங்கே முழுதாகக் கைகொடுக்காது. “பகல் 12 மணி” என்பதில் மணி முழுச் சொல்தானே! தமிழில் செய்ய வேண்டியது வேறு. ‘முருகன்’ என்று தேடாமல் ‘முருக’ என்பது வரை மட்டும் தேட வேண்டும். ‘ரீப்ளேஸ் ஆல்’ பக்கம் போகாமல் ‘ஃபைண்ட் நெக்ஸ்ட்’ கொடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்ற வேண்டும். ஐந்து நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

இந்த ஐந்து நிமிட விஷயத்தை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. ரெஸ்யூமில் ‘எம்.எஸ். ஆபிஸ்’ என்று ஒரு வரி எல்லோரும் போடுகிறார்கள். “வேர்ட் தெரியுமா?” என்று இன்டர்வியூவில் கேட்டால், “தெரியும் சார்” என்று பதில் வரும். கேட்டவருக்கும் அதற்கு மேல் கேட்கத் தோன்றாது. அவருக்கும் அவ்வளவுதான் தெரியும் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

டைப்ரைட்டர் விட்டுச்சென்ற பழக்கம்

குறையை இளைஞர்கள் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை. வேர்டில் நடக்கும் தவறுகளில் பாதி, டைப்ரைட்டரிலிருந்து பரம்பரைச் சொத்தாக வந்தவை. தட்டச்சுப் பயிலகத்தில் தலைப்பை நடுவில் கொண்டுவர எழுத்துகளை எண்ணி, ஸ்பேஸ் பாரைத் தட்டி நகர்த்தச் சொல்லித் தந்தார்கள். தாளில் அதற்கு வேறு வழியும் இல்லை. வரி முடிந்தால் அடுத்த வரிக்கு உருளையைத் தள்ள வேண்டும்; பக்கம் முடிந்தால் புதுத் தாள் செருக வேண்டும். அந்த இயந்திரத்துக்கு அது சரியான முறை.

கணினியில் அந்த முறை வேலை செய்வதுபோலத் தெரியும். அதுதான் சிக்கலே. ஸ்பேஸ் பாரை 20 முறை தட்டினால் தலைப்பு நடுவுக்கு வந்துவிடும். என்டரை 12 முறை அடித்தால் அடுத்த பக்கம் வந்துவிடும். பிறகு மேலே ஒரு வரி சேர்த்தால் போதும், சீட்டுக்கட்டு மாளிகை மாதிரி எல்லாம் சரியும். இரண்டாம் பக்கத்துத் தலைப்பு ஒரு வரி கீழே இறங்கும், கையெழுத்துப் போடும் இடம் தனியாக நான்காம் பக்கத்துக்கு ஓடும். மேலாளர் “ஒரே ஒரு வரி சேர்த்துடுங்க” என்று சொன்ன வேலைக்கு ஒரு மதியம் போய்விடும்.

டைப்ரைட்டர் தாளில் எது தெரிகிறதோ அதுதான் இருக்கிறது. வேர்ட், கூகுள் டாக்ஸ், லிபர்ஆபிஸ் போன்ற மென்பொருள்களில் திரையில் தெரிவது வேறு, ஃபைலுக்குள் இருப்பது வேறு. எழுத்தைப் பெரிதாக்கி, போல்டு போட்டால் மனிதக் கண்ணுக்கு அது தலைப்பு. கணினிக்கு அது கொஞ்சம் தடித்த எழுத்தில் இருக்கும் இன்னொரு வரி. அதைத் தேர்வு செய்து ‘ஹெடிங் 1’ என்று ஸ்டைல் கொடுத்தால்தான் அது தலைப்பு என்று கணினிக்குத் தெரியும். தெரிந்தபின் பொருளடக்கத்தை அதுவே போட்டுக்கொள்ளும். 40 தலைப்புகளின் அளவையும் ஒரே இடத்தில் மாற்றலாம். மொபைலில் திறப்பவர் தலைப்பைத் தட்டி நேராக அந்தப் பகுதிக்குப் போகலாம். பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பு மென்பொருள் தலைப்புவிட்டுத் தலைப்பு தாவுவதும் இந்த ஸ்டைலை நம்பித்தான். புதிய பக்கத்துக்கு கன்ட்ரோலும் என்டரும் சேர்த்து ஒரு முறை அழுத்தினால் போதும். 12 என்டர் வேண்டாம்.

எம், கே, அரைப்புள்ளி, கே, எச்

தெரிவது வேறு, இருப்பது வேறு என்ற இந்த விஷயம் தமிழில் இன்னும் ஆழமாகப் போகிறது. பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ என்று அடித்த ஃபைலை, அந்த எழுத்துரு இல்லாத மொபைலில் திறந்தால் வருவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் கோவை. அதில் ‘அம்மா’ என்றைக்குமே இருந்ததில்லை. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவத்தில் ஒரு சட்டை மாட்டியிருந்தார்கள், அவ்வளவுதான். சட்டை இல்லாத ஊரில் குட்டு வெளிப்பட்டுவிடுகிறது. இந்த ஃபைலில் ‘அம்மா’ என்று யூனிகோடில் தேடினாலும் கிடைக்காது.

இதைச் சரிசெய்ய முயற்சிகள் நடக்காமல் இல்லை. 1999-ல் தமிழ்நாடு அரசு தமிழ்99 விசைப்பலகையையும், டாம், டாப் என்ற குறியாக்கங்களையும் தரப்படுத்தியது. 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டு நேரத்தில், யூனிகோடையும் டேஸ்16 குறியாக்கத்தையும் ஏற்று அரசாணை வந்தது. ஆனாலும் பாமினியும் வானவில்லும் இன்னும் அச்சகங்களிலும் பல மேசைகளிலும் உயிரோடு இருக்கின்றன. பழகிய விரல் லேசில் மாறாது. பழைய ஃபைல்களும் மலைபோல் குவிந்து கிடக்கின்றன. அவர்களைக் கேலி செய்ய ஒன்றுமில்லை. மாற்றித் தரும் மென்பொருள்கள் இருக்கின்றன, மாற்றியபின் ஒரு முறை படித்துப் பார்ப்பதுதான் கட்டாயம்.

யூனிகோடுக்கு வந்துவிட்டாலும் சின்னச் சின்னப் பொறிகள் உண்டு. ‘ஔ’ என்பது ஒரே எழுத்து. பலரும் ‘ஒ’ அடித்துப் பக்கத்தில் ‘ள’ அடித்துவிடுகிறார்கள். பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் அப்படி அடித்த ‘ஒளவையார்’ தேடலில் சிக்கமாட்டார். துணைக்காலுக்குப் பதில் ‘ர’ அடிப்பதும் இதே கதைதான்.

மறைத்தது அழிந்துவிடாது

வேலையில் இருப்பவர்களுக்கு உண்மையிலேயே ஆபத்தான இடம் ‘டிராக் சேஞ்சஸ்’. யார் எதை மாற்றினார்கள் என்று நிறத்தில் காட்டும் அருமையான வசதி. பலர் சேர்ந்து திருத்தும் ஆவணத்தில் இதைப் போடாமல் வேலை செய்வது பொறுப்பில்லாத்தனம் என்றே சொல்லலாம். ஆனால் திரையில் சிவப்புக் கோடுகள் உறுத்துகிறதே என்று ‘நோ மார்க்கப்’ கொடுத்தால் கோடுகள் மறையும், அழியாது. அந்த ஃபைலை அப்படியே வாடிக்கையாளருக்கு அனுப்பினால், முதலில் போட்டு அடித்த குறைந்த விலையை அவர் ஒரு கிளிக்கில் பார்த்துவிடுவார். ஒவ்வொரு திருத்தத்தையும் ‘அக்செப்ட்’ அல்லது ‘ரிஜெக்ட்’ செய்து, கமென்ட்டுகளையும் நீக்கினால்தான் ஃபைல் சுத்தமாகும்.

பெரிய இடங்களும் இதில் மாட்டியிருக்கின்றன. 2003 பிப்ரவரியில் பிரிட்டன் அரசு ஈராக் பற்றிய ஒரு அறிக்கையை வேர்ட் ஃபைலாகவே இணையத்தில் போட்டது. அதைத் திருத்தியவர்களின் பெயர்கள் ஃபைலுக்குள் பதிவாகியிருந்தன; வெளியிலிருந்த ஒருவர் அதை எடுத்துக் காட்டினார். ஏற்கெனவே ஒரு ஆய்வாளரின் கட்டுரையைப் பெருமளவு எடுத்தாண்டதாக அம்பலப்பட்டிருந்த அறிக்கை அது. இது மேலும் ஒரு தலைக்குனிவு.

“இப்ப எல்லாம் ஏஐ எழுதித் தருதே, இதெல்லாம் எதுக்கு?” என்று கேட்கலாம். எழுதித் தரட்டும். எழுதியது கடைசியில் வந்து இறங்குவது இதே ஃபைலில்தான், அதுவும் அங்கிருந்த எழுத்துரு, நிறம், அளவு எல்லாவற்றையும் கூடவே இழுத்துக்கொண்டு. ஒரே கடிதத்தில் மூன்று விதமான எழுத்து தெரிந்தால், எங்கெங்கே ஒட்டினார் என்பது வாங்குபவருக்குச் சொல்லாமலே புரியும். கன்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வெறும் எழுத்து மட்டும் ஒட்டும்.

வேர்டில் ஹோம் பகுதியில், திருப்பிப் போட்ட ‘பி’ மாதிரி ஒரு குறி இருக்கும். அதை அழுத்தினால் ஸ்பேஸ் எல்லாம் புள்ளிகளாகவும், என்டர் எல்லாம் அதே குறியாகவும் தெரியும். சொந்த ரெஸ்யூமைத் திறந்து ஒருமுறை அழுத்திப் பார்க்கலாம். பெயருக்கும் போன் நம்பருக்கும் நடுவே எறும்பு வரிசை மாதிரி புள்ளிகள் ஓடினால், அது வேறு கணினியில் வேறு மாதிரிதான் திறக்கும். அனுப்பும்போது பிடிஎஃப் ஆக்கி அனுப்புவது தற்காலிகத் தீர்வு.

ஆள் எடுக்கும் நிறுவனங்களும் “தெரியுமா?” என்று கேட்பதை விட்டுவிடலாம். ஐந்து பக்க ஆவணம் ஒன்றைக் கொடுத்து, “வடிவமைச்சுக் கொடுங்க” என்று பத்து நிமிடம் விடலாம். அவர் முடித்துக் கொடுத்ததும், இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி சேர்த்துப் பார்த்தால் போதும், மீதி மூன்று பக்கங்கள் ஒழுங்காக நிற்கின்றனவா என்று.