வாய் கோணினால் எந்த ஊருக்கு ஓடுவது?

அன்னவாசலில் இருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: 'காலையில் எழுந்தபோதே மாமனாருக்கு வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. வலது கையைத் தூக்க முடியவில்லை. வாடகை கார் பிடித்து முதலில் ஒரு கிளினிக், அங்கிருந்து புதுக்கோட்டை, அப்புறம் திருச்சி என்று அலைந்தோம். நேராகத் திருச்சிக்கே போயிருக்கலாமோ என்று வீட்டில் இன்னும் பேச்சு ஓடுகிறது.'

பெரிய ஊர், பெரிய ஆஸ்பத்திரி என்பது நம் மனதில் ஊறிப்போன கணக்கு. பக்கவாதத்துக்கு அது சரிவராது. சி.டி. ஸ்கேனும், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியும் இருக்கும் இடங்களில் எது பக்கம் என்றுதான் பார்க்க வேண்டும்.

மூளையின் ரத்தக்குழாய் அடைத்தாலும் பக்கவாதம், வெடித்தாலும் பக்கவாதம். ஆளைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கட்டியைக் கரைக்கும் ஊசியை ரத்தக்கசிவு உள்ளவருக்குப் போட்டால் உயிருக்கே ஆபத்து. எது என்று ஸ்கேன் பார்த்தால்தான் உறுதியாகத் தெரியும். அதனால், மாரடைப்புக்குக் கொடுப்பார்களே என்று வீட்டில் ஆஸ்பிரின் கொடுத்துவிடாதீர்கள். காபி, தண்ணீர்கூட வேண்டாம். விழுங்க முடியாமல் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். புறா ரத்தம் தடவச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் வாதாடக்கூட நேரம் இல்லை.

காரணம், அந்த ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு. பெரிய குழாய் அடைத்தால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்புச் செல்கள் சாகின்றன என்று அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜெஃப்ரி சேவர் 2006-ல் கணக்கிட்டுச் சொன்னார்.

அன்னவாசலில் இருந்து புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 20 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. திருச்சி 40-க்கும் மேல். பெரிய குழாய் அடைத்த சிலருக்கு, குழாய்க்குள் கருவி விட்டுக் கட்டியை வெளியே எடுக்க வேண்டிவரும். அதற்கு வசதியுள்ள பெரிய மருத்துவமனை தேவைதான். ஆனால் அது ஸ்கேன் பார்த்தபின் டாக்டர்கள் எடுக்கும் முடிவு. ஆகவே புதுக்கோட்டைக்குப் போனது வீண் இல்லை. ஸ்கேன் இல்லாத கிளினிக்கில் நின்றதுதான் வீண். நரம்பியல் நிபுணர் இல்லாத இமாசலப் பிரதேச மாவட்ட மருத்துவமனைகளில், 2014 முதலே ஸ்கேன் படத்தை செல்போனில் நிபுணருக்கு அனுப்பி, ஆலோசனை கேட்டு ஊசி போட்டிருக்கிறார்கள்.

காருக்குப் பதில் 108 ஏன் என்றால், உள்ளே ஓர் அவசர மருத்துவ உதவியாளர் இருக்கிறார். சிரிக்கச் சொல்வார், இரண்டு கையையும் தூக்கச் சொல்வார், ஒரு வாக்கியம் பேசச் சொல்வார். விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பார். சர்க்கரை ரொம்ப இறங்கினாலும் அச்சு அசல் பக்கவாதம் போலவே தெரியும். சந்தேகம் உறுதியானால் மருத்துவமனைக்கு முன்கூட்டியே தகவல் போகும். தமிழக அரசின் அவசர சிகிச்சைத் திட்டத்தில் விபத்து, மாரடைப்போடு பக்கவாதமும் சேர்ந்திருக்கிறது. '108' என்று அழைத்ததுமே 'பக்கவாதம் மாதிரி இருக்கிறது' என்று அந்த வார்த்தையைச் சொல்லிவிடுங்கள். 'மயக்கம்', 'உடம்பு முடியலை' என்று சொன்னால் அவர்களுக்கு விளங்காது.

வீட்டார் மட்டுமே சொல்லக்கூடிய தகவல் ஒன்று உண்டு: அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரம். காலை ஆறு மணிக்குக் கோணிய வாயோடு எழுந்தால், நாலரை மணி நேரக் கணக்கு ஆறிலிருந்து தொடங்காது. ராத்திரி பத்துக்குப் படுத்த நேரத்திலிருந்து. ஆனால் விடிகாலை நாலு மணிக்குப் பாத்ரூம் போய், பேசிவிட்டுப் படுத்ததை மாமியார் பார்த்திருந்தால், கணக்கு நாலிலிருந்து! ஊசி போடலாமா கூடாதா என்பதே அந்த ஒரு வரியில் மாறும். பார்த்தவரையே ஆம்புலன்ஸில் ஏற்றுங்கள். அவர் வர முடியாவிட்டால் அவர் போன் நம்பராவது வேண்டும். சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொள்ளுங்கள், முக்கியமாக ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரை.

பத்து நிமிடத்தில் வாய் தானாக நேராகிவிட்டாலும் போகத்தான் வேண்டும். அடுத்த ஓரிரு நாளில் பெரிதாக வரப்போவதற்கு அது முன்னறிவிப்பாக இருக்கலாம்.