திருப்பூருக்கு உபதேசம் போதும்

2025 ஆகஸ்ட் 27-ஆம் தேதி இந்தியப் பொருள்கள் மீது அமெரிக்காவின் 50 சதவீத வரி அமலுக்கு வந்த பிறகு, தொலைக்காட்சியைத் திறந்தால் ஒரே அறிவுரைதான். "ஒரே நாட்டை நம்பியிருந்தது தப்பு. வேறு நாடுகளுக்கு விற்க வேண்டியதுதானே?" பொருளாதாரம் படித்தவர்கள் சொன்னார்கள், ஓய்வுபெற்ற அதிகாரிகள் சொன்னார்கள், கட்சிப் பேச்சாளர்களும் சொன்னார்கள். மத்திய அரசும் பிரிட்டன், ஜப்பான், தென்கொரியா என்று 40 நாடுகளைக் குறித்து வைத்துக்கொண்டு, அங்கெல்லாம் இந்திய ஜவுளியை விற்க முயற்சி எடுக்கப் போவதாகச் சொன்னது. முயற்சியை வரவேற்கிறோம். ஆனால், பனியன் ஏற்றுமதி செய்யும் திருப்பூர்க்காரர்கள் சோம்பலாலோ பேராசையாலோ அமெரிக்காவே கதி என்று கிடந்தார்கள் என்பது போன்ற தொனியை எங்களால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

திருப்பூர் அமெரிக்கா பக்கம் சாய்ந்த கதை இவர்களுக்குத் தெரியுமா? 1970-களின் கடைசியில் பனியன் தேடி அந்த ஊருக்கு முதலில் வந்தவர்கள் ஐரோப்பிய வியாபாரிகள்தான். ஐரோப்பாவை நம்பித்தான் திருப்பூர் ஏற்றுமதி செய்யவே கற்றுக்கொண்டது. 2001-இல் ஐரோப்பிய ஒன்றியம், மிகப் பின்தங்கிய நாடுகளின் பொருள்களுக்கு வரியே இல்லை என்று அறிவித்தது. வங்கதேசத்துச் சட்டை வரியில்லாமல் உள்ளே போனது. நம் சட்டைக்குப் பத்து சதவீதத்தை ஒட்டி வரி. நூறு ரூபாய்க்கு விற்று ஐந்தோ ஆறோ மிச்சம் பார்க்கும் தொழிலில், பத்து ரூபாய் வித்தியாசத்தோடு எத்தனை காலம் மல்லுக்கட்ட முடியும்?

அன்று அமெரிக்காவில் நிலைமை வேறு. பருத்தி டி-ஷர்ட்டுக்கு 16.5 சதவீத வரி. வங்கதேசமானாலும் இந்தியாவானாலும் வியட்நாமானாலும் அதே வரிதான். சலுகை கிடையாது, ஓரவஞ்சனையும் கிடையாது. ஆர்டரும் பெரிது. ஒரே மாடலில், நான்கைந்து நிறத்தில், லட்சக்கணக்கான உருப்படிகள். தரமும் விலையும் பேசிய இடத்தில் திருப்பூர் ஜெயித்தது. ஐரோப்பாவையும் விட்டுவிடாமல், மொத்த ஏற்றுமதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை அமெரிக்காவுக்கு அனுப்பும் அளவுக்கு வளர்ந்தது. 2024-25 நிதியாண்டில் அந்த ஒரு ஊரின் ஏற்றுமதி மட்டும் சுமார் 45,000 கோடி ரூபாய். எந்த வாசல் திறந்திருந்ததோ அந்த வாசல் வழியாகப் போனார்கள். வாசலைத் திறப்பதும் சாத்துவதும் அரசாங்கங்கள் கையில் இருக்கிறதே தவிர, பனியன் கம்பெனிக்காரர் கையில் இல்லை.

2025 ஆகஸ்ட் 27-க்குப் பிறகு அதே டி-ஷர்ட்டுக்கு அமெரிக்காவில் 66.5 சதவீத வரி விழுந்தது. வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் 36.5. நடுவில் 30 சதவீத இடைவெளி. இதை எந்தத் திறமையாலும் ஈடுகட்ட முடியாது.

"வேறு நாட்டுக்கு அனுப்பு" என்பவர்கள் ஒரு ஏற்றுமதி கம்பெனியின் பேக்கிங் பிரிவுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். மேஜையில் மடித்து வைத்திருக்கும் சட்டையைக் கையில் எடுங்கள். கழுத்தில் அமெரிக்கக் கடையின் பெயர் தைத்திருக்கும். தொங்கும் அட்டையில் விலை டாலரில் அச்சாகியிருக்கும். பார்கோடு அந்தக் கடையின் கணினிக்கு மட்டுமே உரியது. அளவு அமெரிக்க உடம்புக்கு வெட்டிய அளவு. நிறம், அந்தக் கடையின் பையர் (வாங்குபவர்) சாம்பிள் பார்த்து 'சரி' சொன்ன நிறம். கப்பல் ஏறாவிட்டால் அந்தச் சட்டையை ஜெர்மனிக்காரர் வாங்க மாட்டார், ஜப்பான்காரரும் வாங்க மாட்டார். லேபிளை வெட்டி எறிந்துவிட்டு உள்ளூர்ச் சந்தையான காதர்பேட்டையில் கிலோ கணக்கில் தள்ளிவிட வேண்டியதுதான்.

புதிய பையரைப் பிடித்தாலும் உடனே ஆர்டர் வந்துவிடாது. முதலில் சாம்பிள், பிறகு அளவு சாம்பிள், சாயத்துக்கு ஒப்புதல், கம்பெனியில் ஆடிட், சாயப் பட்டறையில் ஆடிட், இன்ன ரசாயனம் இருக்கக்கூடாது என்று ஆய்வகச் சான்று. அதற்கப்புறம் சோதனைக்குச் சின்னதாக ஒரு ஆர்டர். அது ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் அடுத்த சீசனுக்குப் பார்க்கலாம் என்பார்கள். ஜப்பானையே எடுத்துக்கொள்வோம். அந்த நாட்டோடு 2011-லேயே ஒப்பந்தம் அமலுக்கு வந்து, நம் ஆயத்த ஆடைக்கு வரி நீங்கிவிட்டது. ஆனாலும் இன்று வரை அங்கே நம் வியாபாரம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஆர்டர் சின்னது, சோதனை கடுமை. உடைந்த ஊசி முனை துணியில் தங்கியிருக்கிறதா என்று ஒவ்வொரு உருப்படியையும் மெஷினில் விட்டுப் பார்க்கச் சொல்வார்கள். வரியே இல்லாத நாட்டில் இத்தனை வருஷத்தில் வேர் பிடிக்காததை, 40 நாடுகளில் ஒரே தீபாவளிக்குள் பிடித்துவிடலாம் என்றா நினைக்கிறோம்?

வாசல் சாத்தப்பட்ட மற்றவர்களின் கதையைப் பாருங்கள். 2020-இல் சீனா, ஆஸ்திரேலியாவின் பார்லி மீது 80.5 சதவீத வரி போட்டது. பார்லி விவசாயிகள் தப்பித்தார்கள். தானியத்துக்கு லேபிள் இல்லை. கப்பலை சவுதி அரேபியாவுக்குத் திருப்பினார்கள். அதே ஆண்டில் ஆஸ்திரேலிய ஒயினுக்கும், சிலவற்றுக்கு 200 சதவீதத்தைத் தாண்டி, வரி விழுந்தது. ஆண்டுக்கு நூறு கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் சீனா வாங்கிக்கொண்டிருந்த சரக்கு அது. அதற்கு ஈடாக வேறு நாடு அமையவில்லை. 2024 மார்ச்சில் சீனா வரியை நீக்கும் வரை கிடங்குகளில் தேங்கியது. பெயருக்கும் ருசிக்கும் பழக்கத்துக்கும் விற்கிற பொருள் சட்டென்று வாசல் மாறாது. டி-ஷர்ட்டும் அந்த வகைதான்.

வாசல் மாற எவ்வளவு காலம் வேண்டும் என்பதற்கு நியூசிலாந்து இன்னும் நல்ல உதாரணம். 1950-களில் அதன் ஏற்றுமதியில் பாதிக்கு மேல் பிரிட்டனுக்குத்தான். வெண்ணெய், பாலாடைக்கட்டி, ஆட்டிறைச்சி எல்லாம் அங்கேதான் போயின. ஐரோப்பியப் பொதுச் சந்தையில் சேரப் போகிறேன் என்று 1961-இல் பிரிட்டன் விண்ணப்பித்தது. சேர்ந்தது 1973-இல். இடையில் 12 ஆண்டுகள். அப்படியும் நியூசிலாந்து அரசு சும்மா இருக்கவில்லை. பேச்சுவார்த்தை நடத்தி, சேர்ந்த பிறகும் சில ஆண்டுகளுக்கு வெண்ணெய்க்கு இவ்வளவு, பாலாடைக்கட்டிக்கு இவ்வளவு என்று கையெழுத்து வாங்கியது. விவசாயியைப் பார்த்து 'வேறு நாட்டைப் பார்த்துக்கொள்' என்று கைகழுவவில்லை. பிறகு ஆஸ்திரேலியா, ஜப்பான், கடைசியில் சீனா என்று அந்த நாடு கால் மாற்றி நிற்கப் பல பத்தாண்டுகள் பிடித்தன.

திருப்பூருக்குக் கிடைத்த அவகாசம் என்ன? ஆகஸ்ட் 6-ஆம் தேதி அறிவிப்பு. 27-ஆம் தேதி அமல். 21 நாள்!

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்த 50-இல் பின்பாதி 25, இந்தியா ரஷ்ய எண்ணெய் வாங்குகிறது என்பதற்காகப் போட்ட அபராதம். யாரிடம் எண்ணெய் வாங்குவது என்று முடிவு செய்யும் உரிமை இந்தியாவுக்கு உண்டு. அதில் அமெரிக்கா மூக்கை நுழைப்பது அடாவடி. அந்த உரிமையை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. ஆனால் மலிவு எண்ணெயால் லாபம் பார்த்தவர்கள் சுத்திகரிப்பு ஆலைக்காரர்கள். பெட்ரோலியப் பொருள்களுக்கு இந்த அபராதம் விழவில்லை. மருந்துக்கும் ஸ்மார்ட்போனுக்கும்கூட விலக்கு இருந்தது. அபராதம் யார் தலையில்? ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் தலையில். ஒரு லிட்டர் கச்சா எண்ணெய்கூட அவர் வாங்கவில்லை. நாட்டின் கொள்கைக்காக ஒரு பிரிவினர் அடி வாங்குகிறார்கள் என்றால், அந்தக் கொள்கையால் லாபம் பெற்றவர்களின் பணத்திலிருந்து அவர்களுக்கு ஈடு கொடுப்பதுதானே நியாயம்?

தேனியிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பிழைக்க வந்தவர்களின் ஊர் அது. சனிக்கிழமை சம்பளத்தில்தான் அடுத்த வார அரிசி. ஆர்டர் நின்றால் பெரிய கம்பெனி தாக்குப்பிடிக்கும். பவர் டேபிள் போட்டுக் கூலிக்குத் தைத்துக் கொடுப்பவர் மூன்றாவது வாரத்தில் ஷட்டரை இறக்கிவிடுவார். 2025-இல் அக்டோபர் 20 தீபாவளி. போனஸ் பேச வேண்டிய நேரத்தில், வேலை இருக்குமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். 2024-25-இல் இந்தியாவின் சரக்கு ஏற்றுமதியில் 20 சதவீதம் அமெரிக்காவுக்குப் போனது என்றால், தமிழ்நாட்டின் ஏற்றுமதியில் 31 சதவீதம் போனது. அடி இங்கேதான் அதிகம். தூத்துக்குடி இறால், ஆம்பூர் தோல் என்று பட்டியல் நீளும்.

இறக்குமதிப் பருத்திக்கு இருந்த 11 சதவீத வரியை மத்திய அரசு 2025 டிசம்பர் 31 வரை விலக்கியது. நூல் விலைக்கு அது கொஞ்சம் உதவியிருக்கும், நம் பருத்தி விவசாயிக்கு உபத்திரவம். விற்க வாசல் இல்லாதவருக்கு மலிவு நூலால் மட்டும் என்ன பயன்?

வேண்டியது இரண்டே காரியம்: வேறு வாசலைத் திறப்பது, அதுவரை தொழிலாளியைத் தாங்குவது. 2025 ஜூலை 24-இல் கையெழுத்தான பிரிட்டன் ஒப்பந்தம் காகிதத்தோடு நின்றுவிடக் கூடாது. அதை முழுமையாகச் செயல்படுத்துங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துடனான ஒப்பந்தத்தையும் தாமதமின்றி நடைமுறைக்குக் கொண்டு வாருங்கள். அந்த வாசல் திறந்து ஆர்டர் வந்து சேரும் வரை, ஈ.எஸ்.ஐ., பி.எஃப். பதிவேட்டில் உள்ள ஒவ்வொரு தொழிலாளிக்கும் சம்பளத்தில் ஒரு பங்கை மத்திய அரசு ஆறு மாதத்துக்கு நேரடியாகக் கொடுக்கட்டும். பதிவேட்டில் பெயர் ஏறாத பவர் டேபிள் தொழிலாளிகளைத் தமிழக அரசு இந்த மாதமே கணக்கெடுத்துச் சேர்க்கட்டும்.