கீகர் கருவிக்குப் பின் வந்த மருத்துவம்

மார்ஷல் தீவுப் பெண்களிடையே மக்கள் நலப் பணிக்குப் போகும் தன்னார்வலர்கள் சீக்கிரமே ஒரு குறை சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். கூப்பிட்டால் சிரித்த முகத்தோடு தலையாட்டுகிறார்கள், பரிசோதனைக்கு மட்டும் வருவதில்லை. கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் சோதனை, சர்க்கரை அளவு, கர்ப்ப காலப் பரிசோதனை எல்லாவற்றுக்கும் இதே கதைதான். கூச்சம், அறியாமை, மொழி தெரியாமை என்று காரணம் அடுக்குவார்கள். மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் வெள்ளைக் கோட்டு அணிந்தவர்கள் அந்தப் பெண்களின் உடலைத் தேடி முதன்முதலில் எதற்காக வந்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

1946-க்கும் 1958-க்கும் இடையில் பசிபிக் பெருங்கடலிலுள்ள மார்ஷல் தீவுகளின் பிகினி, எனிவெடாக் பவளத் தீவுகளில் அமெரிக்கா 67 அணுகுண்டுச் சோதனைகளை நடத்தியது. அவற்றில் மிகப் பெரியது 1954 மார்ச் 1 அன்று வெடித்த 15 மெகாடன் 'பிராவோ'. மக்கள் வாழ்ந்த ரோங்கெலாப் தீவின் மேல் அதன் சாம்பல் பொழிந்தது. குழந்தைகள் அதில் விளையாடினார்கள். இரண்டு நாள் கழித்துத்தான் கப்பல் வந்து மக்களை ஏற்றிக்கொண்டு போனது. சில நாட்களுக்குள் 'திட்டம் 4.1' என்ற பெயரில், கதிர்வீச்சு மனித உடலை என்ன செய்கிறது என்ற ஆய்வு தொடங்கிவிட்டது. சகோதரன் இருக்கும் இடத்தில் உடலைப் பற்றிய பேச்சையே எடுக்காத சமூகம் அது. அந்தப் பெண்களை ஆண் உறவினர்கள் கண்முன்னே ஆடை களைந்து நிற்கவைத்துத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள், கதிர்வீச்சை அளக்கும் கீகர் கருவியை உடலெங்கும் ஓட்டிப் பார்த்தார்கள். பின்னாளில் அவர்களே இதைச் சாட்சியமாகச் சொல்லியிருக்கிறார்கள்.

1957-இல் ரோங்கெலாப் மக்களை ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். மண் சுத்தமாகியிருக்கவில்லை. மக்கள் அங்கே வாழ்வது அரிய கதிர்வீச்சுத் தகவல்களைத் தரும் என்று புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தின் மருத்துவ அறிக்கையே எழுதிவைத்தது. ஆண்டுதோறும் கப்பலில் மருத்துவர்கள் வந்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், போனார்கள். தைராய்டுக் கட்டிகளுக்கு அறுவைச் சிகிச்சையும் செய்தார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நோயாளி என்ற இடத்தையும் ஆய்வுப்பொருள் என்ற இடத்தையும் பிரிக்கும் கோடு எங்கே இருக்கிறது என்று அந்தப் பெண்களிடம் யாரும் சொல்லவில்லை.

கருக்கள் கலைந்தன. உருக்குலைந்த சிசுக்கள் பிறந்தன. குறையுள்ள பிரசவத்தைப் பெண்ணின் நடத்தைப் பிழையாகப் பார்க்கும் வழக்கம் அங்கே இருந்ததால் பலர் வாயே திறக்கவில்லை. குண்டு வெடித்தபோது எட்டு வயதாக இருந்த லிஜோன் எக்னிலாங் 1995-இல் ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றத்தில் நின்று இதைச் சொன்னபோது, அந்த மௌனம் நீதிபதிகளின் காதில் விழுந்தது. நாற்பத்தோரு ஆண்டுகள்! தாய்வழியாக நிலமும் குலமும் இறங்கும் நாடு அது. கதிர்வீச்சுக்குத் தீவை இழந்தது என்றால், பெண்கள் தங்கள் உரிமைப் பத்திரத்தை இழந்தது என்று பொருள்.

சோறும் மாறியது. ஈரப்பலா, தாழம்பழம், மீன் என்று இருந்த உணவின் இடத்தில் அமெரிக்க உதவியாக வெள்ளை அரிசியும் மைதாவும் சர்க்கரையும் டின் இறைச்சியும் வந்து உட்கார்ந்தன. உலகில் நீரிழிவு மிக அதிகமாக உள்ள மக்களில் மார்ஷல் தீவினரும் இன்று இருக்கிறார்கள். "அரிசியைக் குறையுங்கள்" என்று சொல்லப் போகும் தன்னார்வலர், அந்த அரிசி யார் வீட்டுக் கப்பலில் வந்தது என்பதைத் தெரிந்துகொண்டு போனால், குரலில் கொஞ்சம் பணிவு இருக்கும்.

வேறு மாதிரியான நலப்பணி சாத்தியம் என்று காட்டியவரும் அந்த மண்ணின் பெண்தான். வோட்ஜே தீவில் வளர்ந்த டார்லீன் கேஜு, ஹவாய் பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரம் படித்தவர். 1983-இல் வான்கூவரில் நடந்த உலகத் திருச்சபைகள் மன்றக் கூட்டத்தில், தன் தீவுப் பெண்கள் பெற்ற எலும்பில்லாத சிசுக்களைப் பற்றிப் பேசி அதிரவைத்தார். அந்தப் பேச்சுக்காக அவரை நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அவர் அதற்குப் பின் செய்ததுதான் பெரிதாகப் படுகிறது. ஊர் திரும்பி, இளைஞர்களைக் கொண்டே இளைஞர்களுக்கு ஆரோக்கியம் சொல்லும் அமைப்பைத் தொடங்கினார். உகுலேலே, நாடகம், நடனம் இவைதான் கருவிகள். பெற்றோர் வீட்டில் பேச முடியாத குடும்பக் கட்டுப்பாடும் பாலியல் நோயும் அங்கே பாட்டாகவும் வேடிக்கையாகவும் மேடையேறின. வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டிய சுவரொட்டி எதுவும் செய்யாத வேலையை அது செய்தது.

1996 ஜூனில் மார்பகப் புற்றுநோயால் அவர் இறந்தார். வயது 45. அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய நலத்திட்டச் சீர்திருத்தச் சட்டம், மார்ஷல் தீவுக் குடியேறிகளை ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் காப்பீட்டிலிருந்து தள்ளிவைத்தது. இரு நாடுகளுக்கும் இடையிலான சுதந்திரக் கூட்டு ஒப்பந்தப்படி அவர்கள் விசா இல்லாமல் அமெரிக்காவில் வசிக்கலாம், வேலை செய்யலாம், வரியும் கட்டவேண்டும். அந்தக் காப்பீடு மட்டும் கிடைக்காமல் போனது. ஆர்கன்சா மாநிலத்தின் ஸ்பிரிங்டேலில் கோழி இறைச்சி ஆலைகளை நம்பிக் குடியேறிய ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இப்படித்தான் வாழ்ந்தன. 2020 டிசம்பரில் உரிமை திரும்பியது. அதற்கு முந்தைய மாதங்களில் அந்த வட்டாரத்தில் கொரோனாவுக்கு இறந்தவர்களில் அவர்களின் எண்ணிக்கை அவர்களது மக்கள்தொகைக்குச் சற்றும் பொருந்தாத அளவு உயர்ந்திருந்தது. ஆலையில் தோளோடு தோள் நின்று வேலை, வீட்டில் மூன்று தலைமுறை, உடலில் ஏற்கெனவே சர்க்கரை. வேறு எப்படி ஆகும்?

இன்னொரு காயமும் சேர்ந்துகொண்டது. கர்ப்பிணிகளைத் தீவிலிருந்து அழைத்துவந்து குழந்தைகளைத் தத்துக் கொடுக்கவைத்த மோசடியில், 2019-இல் அரிசோனாவின் அரசு அதிகாரி ஒருவர் கைதானார், பின்பு தண்டனையும் பெற்றார். "உதவி செய்கிறோம்" என்று கதவைத் தட்டும் அந்நியரைக் கர்ப்பிணிப் பெண் சந்தேகத்தோடு பார்த்தால் அதை அறியாமை என்று எழுதுவது அநியாயம்.

ஆகவே பரிசோதனைக்கு வராதது நோய்க்குறி அல்ல, அனுபவத்தின் தீர்ப்பு என்றுதான் நான் கருதுகிறேன். அந்தத் தீர்ப்பை மாற்றும் சக்தி துண்டுப் பிரசுரத்துக்கு இல்லை. வழி தெரியாமலும் இல்லை. தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் முடிந்ததும், அதே மொழி பேசும் பெண் பணியாளர் உட்கார்ந்து பேசினால் பெண்கள் வருகிறார்கள். சோதனை மாதிரியைத் தாமே எடுத்துக் கொடுக்கும் முறை வந்தபின் கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் சோதனையின் கூச்சமும் பாதி தீர்கிறது. தீவில் 1987 முதல் இயங்கும் பெண்கள் கூட்டமைப்பான 'வுட்மி', வீடு வீடாகப் போவதன் பலனைக் காட்டியிருக்கிறது. அதன் நிறுவனர்களில் ஒருவரான ஹில்டா ஹைனே 2016-இல் நாட்டின் அதிபரானார்.

ஸ்பிரிங்டேலுக்கு அருகிலேயே பெண்டன்வில் இருக்கிறது. வால்மார்ட் தலைமையகத்தைச் சுற்றி அங்கே தமிழ்க் குடும்பங்களும் வாழ்கின்றன. அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் பணிக்கு மருத்துவம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மெடிக்கெய்ட் படிவத்தை நிரப்பத் தெரிந்தால் போதும், கிளினிக்குக்குக் கூட்டிப்போக ஒரு காரும் ஒரு சனிக்கிழமையும் இருந்தால் போதும். போய், அங்குள்ள மார்ஷல் பெண் பணியாளரிடம் என்ன வேலை இருக்கிறது என்று கேளுங்கள். அவர் சொல்வதைச் செய்யுங்கள். அவருக்கு ஒழுங்கான சம்பளம் கிடைக்கிறதா என்றும் விசாரித்து, கிடைக்கவில்லை என்றால் உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்குக் கடிதம் எழுதுங்கள்.