பெயரை நீக்கினால் மட்டும் போதுமா?

பள்ளித் திட்டப்பணிக்காகக் கருத்தாய்வு நடத்தாத மாணவர் இன்று அரிது. மன உளைச்சல், குடும்ப வருமானம் போன்றவற்றைப் பற்றி நண்பர்களிடம் கேட்டு, கூகல் படிவத்தில் பதில்களைத் திரட்டுகிறோம். பின்னர் பெயர்ப் பத்தியை அழித்துவிட்டால் யாரையும் அடையாளம் காண முடியாது என்று பலர் நம்புகிறார்கள். என்னால் அதை ஏற்க முடியவில்லை.

அடையாள அட்டை எண்ணையே எடுத்துக்கொள்வோம். கடைசி மூன்று இலக்கங்களையும் எழுத்தையும் மட்டும் காட்டி, மற்றதை நட்சத்திரக் குறிகளால் மறைப்பது நமக்குப் பழகிய முறை. ஆனால், இங்கு பிறந்த இளையர்களின் எண்ணில் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டைக் குறிக்கின்றன. அது தெரிந்தால் எஞ்சுவது இரண்டு இலக்கங்கள்தான். அதாவது 100 வாய்ப்புகள். கடைசி எழுத்து மற்ற இலக்கங்களிலிருந்து கணக்கிடப்படுவதால், அதையும் சரிபார்த்தால் ஏறத்தாழ 9 எண்களே மிஞ்சும். 2024 டிசம்பரில் பிஸ்ஃபைல் தளத்தில் முழு எண்கள் தெரியவந்து சர்ச்சை எழுந்தபோது, பாதி மறைத்த எண்ணை ஊகித்துவிடலாம் என்று அரசாங்கமே விளக்கியது.

கணினி பயில்வோர் 'ஹேஷ்' முறையைப் பரிந்துரைப்பார்கள். எண்ணைப் புரியாத எழுத்துக் கோவையாக அது மாற்றும். ஆனால், ஏழு இலக்கங்களில் அமையக்கூடியவை 10 மில்லியன் எண்கள் மட்டுமே. எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்து ஒப்பிட ஒரு சாதாரண மடிக்கணினி போதும்.

எண்ணே இல்லாவிட்டாலும் ஆபத்து உண்டு. அஞ்சல் குறியீடு, பிறந்த தேதி, பாலினம் ஆகிய மூன்றே அமெரிக்கர்களில் 87 விழுக்காட்டினரைத் தனித்துக் காட்டிவிடும் என்று ஆய்வாளர் லத்தான்யா ஸ்வீனி 2000ல் கணக்கிட்டார். அங்கே ஓர் அஞ்சல் குறியீடு ஒரு வட்டாரத்தையே குறிக்கும். இங்கோ ஒவ்வொரு வீவக புளோக்கிற்கும் தனிக் குறியீடு. அதனுடன் 'இந்தியர், பெண், 17 வயது' என்று சேர்த்தால், அந்த புளோக்கில் ஒருவரே இருக்கக்கூடும். வகுப்பில் இரண்டு மூன்று தமிழ் மாணவர்களே இருக்கும்போது, இனம் என்ற பத்தி கிட்டத்தட்ட பெயருக்குச் சமம். சிறுபான்மையினரான நாம் இதில் கூடுதல் விழிப்புடன் இருக்க வேண்டும்.

அப்படியானால் எந்த முறையைத் தேர்ந்தெடுப்பது? தரவு எதற்குத் தேவை என்பதே அதைத் தீர்மானிக்க வேண்டும். ஆய்வுக்குத் தேவைப்படாத விவரத்தைக் கேட்காமலே விடுவதுதான் ஆகச் சிறந்த பாதுகாப்பு. வயது தேவையென்றால் '16 முதல் 18 வரை' என்றும், வசிப்பிடம் தேவையென்றால் வட்டாரத்தை மட்டும் கேட்டும் பொதுமைப்படுத்தலாம். அதே மாணவரிடம் மீண்டும் கேள்வி கேட்க வேண்டியிருந்தால், குலுக்கல் முறையில் குறியீடு கொடுத்து, பெயர்ப் பட்டியலை ஆசிரியரிடம் தனியாக ஒப்படைக்கலாம். ஐந்து பேருக்கும் குறைவான குழுவை அட்டவணையில் தனித்துக் காட்டக் கூடாது.

இதனால் நுணுக்கமான சில முடிவுகள் கைநழுவும் என்பது உண்மைதான். நம்மை நம்பி மனம்திறந்து பதிலளித்த நண்பரை வகுப்பின் முன் காட்டிக்கொடுப்பதைவிட, இரண்டு மதிப்பெண் குறைவது மேல்.