ஐஸ் பெட்டியைச் சாக்காக்காதீர்கள்

சைரன் அலறிக்கொண்டு ஆம்புலன்ஸ் பறக்கிறது. சிக்னல்கள் பச்சைக்கு மாறுகின்றன, மறுநாள் நாளிதழில் நிமிடக் கணக்கோடு செய்தி வருகிறது. மருத்துவமனை வாசலில் இறங்கிய உறுப்புப் பெட்டி அதன்பின் எத்தனை மணி நேரம் கிடந்தது என்று எந்தச் செய்தியிலும் வருவதில்லை.

நாம் ஒருமுறை நேரில் பார்த்தோம். மருத்துவமனையின் பெயர் இங்கே வேண்டாம். அறுவை அரங்குக்கு வெளியே சுவரோரமாக, யாரோ வைத்துவிட்டுப் போன சாப்பாட்டுப் பையின் பக்கத்தில், பிரவுன் டேப் சுற்றிய தெர்மாகோல் பெட்டி. மூடியில் மார்க்கர் பேனாவால் ‘இடது கிட்னி’ என்றும் ரத்த வகையும் எழுதியிருந்தது. நேரம் எழுதவில்லை. உள்ளே எத்தனை டிகிரி என்று காட்ட ஒரு கருவியும் இல்லை. மாலையில் வந்த பெட்டி அது. கொடையாளரின் உறுப்பு நோயாளிக்கு ஒத்துப்போகுமா என்று ரத்தத்தில் பார்க்கும் கிராஸ்மேட்ச் முடிவு வரவில்லை என்றார்கள். முடிவு வந்தபோது தியேட்டரில் வேறு கேஸ் ஓடிக்கொண்டிருந்தது. அது முடிந்தபோது மயக்க மருந்து டாக்டர் வீட்டுக்குப் போயிருந்தார். தண்ணீர்கூடக் குடிக்காமல் படுத்திருந்த நோயாளியின் மனைவி, வெளியே வந்த ஒவ்வொரு நர்ஸிடமும் “கூப்பிட்டாங்களாம்மா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். விடிந்தபிறகுதான் பெட்டி உள்ளே போனது. ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டோம். “கிட்னிதானே சார், இருபத்துநாலு மணி நேரம் தாங்கும்” என்றார்கள்.

இந்தத் ‘தாங்கும்’ என்ற பேச்சைத்தான் வன்மையாகக் கண்டிக்கிறோம். இதயத்துக்கு நாலு மணி நேரம்தான் என்று தெரிந்தால் மொத்த மருத்துவமனையும் ஓடுகிறது. சிறுநீரகம் பொறுமைசாலி என்பதால் அதன் தலையில் எல்லாத் தாமதத்தையும் கட்டிவிடுகிறார்கள்.

அந்தப் பெட்டிக்குள் நடப்பது என்ன? 4 டிகிரி குளிரில் செல்லின் வேலை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறைகிறதே தவிர நிற்பதில்லை. ஆக்சிஜன் வராததால் கைவசமுள்ள எரிபொருள் தீர்ந்துபோகிறது. சோடியத்தை வெளியேற்றும் பம்புகள் ஓய்கின்றன, உப்பு உள்ளே நுழைகிறது, அதன் பின்னாலேயே தண்ணீரும் நுழைந்து செல் ஊதுகிறது. இதைத் தடுக்கத்தான் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஃபோல்கர்ட் பெல்சரும் ஜேம்ஸ் சவுத்தர்டும் 1980-களில் ஒரு கரைசலை உருவாக்கினார்கள். செல்லுக்குள் புக முடியாத லாக்டோபயோனேட், ராஃபினோஸ் ஆகியவை தண்ணீரை வெளியிலேயே பிடித்து வைக்கும். அருமையான கரைசல்தான், ஆனால் அதுவும் சேதத்தைத் தள்ளிப்போடும், அவ்வளவே. பெரிய அடி விழுவது பிறகு, புது உடலில் ரத்தம் திறந்துவிடப்படும் நேரத்தில். குளிரில் தேங்கியவற்றின் மேல் திடீரென்று ஆக்சிஜன் பாய, நச்சு மூலக்கூறுகள் பொங்கி நுண்குழாய்ச் செல்களை அழிக்கின்றன. மாற்று அறுவை முடிந்தும் சிறுநீர் இறங்காமல் நோயாளி மறுபடி டயாலிசிஸ் கட்டிலுக்குப் போவது பல நேரம் இதனால்தான். பெட்டியில் ஐஸ் நேரடியாகப் பட்டுவிட்டாலோ திசுவே உறைந்து பாழாகும். அதனால்தான் மூன்று உறை போட வேண்டும் என்கிறார்கள்.

பிரான்ஸில் 2015-இல் வெளியான ஓர் ஆய்வு, குளிரில் கிடக்கும் ஒவ்வொரு கூடுதல் மணி நேரத்துக்கும் உறுப்பு தோற்கும் அபாயம் சுமார் 1.3 சதவீதம் ஏறுவதாகக் கணக்கிட்டது. இத்தனை மணிக்குள் என்றால் பாதுகாப்பு என்று கோடு எதுவும் இல்லை. 24 என்பது மருத்துவமனைகள் தாங்களே போட்டுக்கொண்ட சௌகரியக் கோடு.

மாற்று வழி இல்லாமலும் இல்லை. ஐரோப்பாவில் ஒரே கொடையாளரின் இரு சிறுநீரகங்களில் ஒன்றை ஐஸிலும் மற்றொன்றை, குளிர்ந்த கரைசலை ஓயாமல் செலுத்தும் இயந்திரத்திலும் வைத்து ஒப்பிட்டார்கள். 336 கொடையாளர்கள், 2009-இல் முடிவு வெளியானது. பொருத்தியபின் உடனே வேலை செய்யாத சிறுநீரகங்கள் ஐஸில் 26.5 சதவீதம், இயந்திரத்தில் 20.8. ஓராண்டுக்குப் பின்னும் இயங்கியவை ஐஸில் 90 சதவீதம், இயந்திரத்தில் 94. பிரிட்டனில் நடந்த ஒரு சிறிய சோதனையில் வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. எனினும் 2023-இல் அமெரிக்காவில் வந்த பெரிய சோதனை மறுபடி இயந்திரத்தின் பக்கமே நின்றது. டயாலிசிஸுக்கும் மாற்று அறுவைக்கும் காப்பீட்டில் பணம் தரும் அரசுக்கு, முக்கிய அரசு மருத்துவமனைகளிலாவது இந்த இயந்திரத்தை வைப்பது தலை போகிற செலவா?

தமிழகத்துக்கு இதைச் சொல்வதில் நமக்கு வருத்தம் உண்டு. 2008-இல் மூளைச்சாவடைந்த மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடையளிக்க அவன் பெற்றோர் எடுத்த முடிவு இந்த மாநிலத்தையே மாற்றியது. மூளைச்சாவுக் கொடையாளர்கள் 2023-இல் 178 பேர், 2024-இல் 268 பேர். கொடையாளரின் உடலுக்கு அரசு மரியாதை என்று 2023 செப்டம்பரில் முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார், மனதாரப் பாராட்டினோம். அதே மனிதரின் சிறுநீரகம் சாப்பாட்டுப் பையின் பக்கத்தில் இரவெல்லாம் கிடந்தால் அந்த மரியாதைக்கு என்ன பொருள்?

இயந்திரம் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. மூளைச்சாவை உறுதிசெய்யச் சட்டப்படியே ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு சோதனைகள் நடக்கின்றன. குடும்பம் சம்மதித்தபின் உறுப்பை எடுக்க இன்னும் பல மணி நேரம் ஆகிறது. கொடையாளரின் ரத்தத்தை அப்போதே அனுப்பி கிராஸ்மேட்சை முடிக்கலாம். பெறுபவரை வரவழைத்து, தியேட்டரையும் மயக்க மருந்து டாக்டரையும் ஒதுக்கி வைக்கலாம். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் வெப்பநிலை பதியும் சின்னக் கருவி ஒன்றைப் போடலாம். சாலையை மறித்து நிற்கும் போலீஸ்காரர் செய்யும் வேலையில் பாதியை வராந்தாவில் யாராவது செய்தால் போதும்.

உறுப்பு மாற்று ஆணையத்திடம் நாம் கேட்பது கணக்கு. கொடையாளரின் ரத்தநாளத்தில் கவ்வி போட்ட நேரம், பெறுபவரின் உடலில் கவ்வியை எடுத்த நேரம், ஒரு வாரத்துக்குள் டயாலிசிஸ் தேவைப்பட்டதா என்ற விவரம் ஆகியவற்றை ஒவ்வொரு சிறுநீரகத்துக்கும் மருத்துவமனை வாரியாக, நோயாளியின் பெயரில்லாமல், வெளியிட வேண்டும். காரணமின்றித் தாமதித்த மருத்துவமனைக்கு அடுத்த உறுப்பை ஒதுக்குமுன் எழுத்தில் விளக்கம் வாங்க வேண்டும். அடுத்த கொடையின் அறிவிப்பில் எத்தனை உறுப்பு என்பதோடு எத்தனை மணி நேரம் என்பதும் இருக்க வேண்டும்.